பிளைவுட் அலுமாரிக்கு வார்னிஷ்: விளிம்பிலிருந்து தொடங்குங்கள்

கொழும்பில் வீட்டிலேயே செய்த பிளைவுட் அலுமாரி முதலில் கெடுவது கதவின் முகப்பில் அல்ல. அடி விளிம்பு, முதுகுப் பலகை, கதவின் உட்பக்கம் ஆகிய இடங்களில்தான். டைல் தரையைத் துடைக்கும் தண்ணீர் வெட்டிய விளிம்பு வழியாக மேலேறும். பிளை உப்பும், கறுக்கும், பிரியும். முகப்பில் ஐந்து கோட் பளபளத்தாலும் இதைத் தடுக்காது. கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கதவு வளையும். முன்னுக்கு எத்தனை கோட்டோ, பின்னுக்கும் அத்தனை.

பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் ‘கிளியர்’ (நிறமில்லாத வார்னிஷ்) என்று மட்டும் கேட்டால் கைக்கு எது வருமென்று சொல்ல முடியாது. பிரஷ்ஷால் பூசுபவருக்கு என் தெரிவு எண்ணெய் அடிப்படையிலான பொலியூரித்தேன் வார்னிஷ். மெல்லக் காயும், அதனால் பிரஷ் கோடுகள் தாமாகவே சமப்படும். கொஞ்சம் தேன் நிறம் ஏறும். அது பிடிக்காவிட்டால் நீர் அடிப்படையிலானது உண்டு.

வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றுக்குப் பயந்து மரைன் வார்னிஷ், அதாவது படகுக்குப் பூசும் வார்னிஷ், தேடுவார்கள். அது வெயிலில் விரிந்து சுருங்கும் மரத்துக்காகவே மிருதுவாகச் செய்யப்பட்டது. வீட்டுக்குள் தட்டில் பாரம் வைத்தால் தடம் விழும், கதவு சட்டத்தோடு ஒட்டும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மொறட்டுவைப் பட்டறைகளில் ஸ்ப்ரேயில் அழகாக வரும். ஆனால் மழை நாளில் வெள்ளை பூக்கும்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஹாட்னர் (இறுகச் செய்யும் திரவம்) கலக்கிற இரண்டு பேணி பி.யு. (பொலியூரித்தேன்) இவை எல்லாவற்றையும் விட உறுதி. ஆனால் ஹாட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண துணி மாஸ்க்கோடு வீட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்கிற வேலை வேண்டாம்.

எவ்வளவு தேவை? 3 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரட்டைக் கதவு, ஒரு தட்டு என்று வைத்தால், உள்ளும் புறமும் சேர்த்து ஏறக்குறைய 80 சதுர அடி, அதாவது ஏழரைச் சதுர மீற்றர். லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்ற கணக்கில் மூன்று கோட்டுக்கு இரண்டேகால் லீற்றர். விளிம்பு குடிப்பதையும் சேர்த்தால் இரண்டரை.

சாண்ட் பேப்பர் விஷயத்தில்தான் பிளைவுட் மரத்திலிருந்து வேறுபடுகிறது. மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாளான வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. 80 நம்பரோடு தொடங்கினால், அதுவும் மெஷினில், மூலைகளில் அடுத்த படையே வெளியே வந்துவிடும். அதைத் திருத்த வழியில்லை. 150, பிறகு 220, மரக்கட்டையில் சுற்றி, நார் போகும் திசையில் மட்டும். பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். தூசும் போகும், பசை வழிந்த இடங்கள் வெளிறித் தெரியும். இப்போது சுரண்டாவிட்டால் வார்னிஷுக்கு அடியில் அந்தத் தழும்பு நிரந்தரம். ஆணித் துளைக்குப் புட்டி முதல் கோட்டுக்குப் பிறகு வையுங்கள். வெறும் வெனீரில் வைத்தால் துளையைச் சுற்றிக் கறை பிடிக்கும்.

முதல் கோட்டில் எண்ணெய் அடிப்படை வார்னிஷ் 4 பங்குக்கு டர்பன்டைன் 1 பங்கு. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்பவர்கள் உண்டு. அது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும், காய்வதும் இழுபடும். பேணியைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். தட்டைக் குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளறுங்கள். மட் (பளபளக்காத) வகையில் பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியில்தான் தங்கியிருக்கும். வெட்டு விளிம்புகளை முதலில் பூசி, குடித்ததும் கால் மணி நேரத்தில் மறுபடி பூசுங்கள். அதன் பிறகே அகலமான பக்கங்கள். கதவைக் கழற்றிப் படுக்கவைத்துப் பூசினால் வழியாது. தடித்த ஒரு கோட்டை விட மெல்லிய மூன்று கோட் எப்போதும் மேல்: தடித்தது மேலே தோல் பிடித்து உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

அடுத்த கோட் எப்போது? பேணியில் எழுதிய மணித்தியாலத்தை மே, ஒக்டோபர் மழையில் நம்ப முடியாது. 320 நம்பர் தாளால் ஒரு மூலையில் மெல்ல உரசுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் பூசலாம். தாளில் பிசினாக உருண்டால் இன்னொரு நாள் விடுங்கள். காற்றோட்டம் வேண்டும், ஆனால் ஃபேனை ஈரப் பரப்புக்கு நேரே திருப்பினால் அறையின் தூசெல்லாம் அதில்தான் ஒட்டும். ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள். கோட்டுகளுக்கிடையில் ஸ்டீல் வூல் வேண்டாம். சிக்கிய கம்பித்துகள் நீர் அடிப்படை வார்னிஷில் கறள் பிடித்துக் கரும்புள்ளியாகும்.

மட் வேண்டுமென்றால் முதல் இரண்டும் பளபளக்கும் கிளொஸ், கடைசி மட்டும் மட். மூன்றும் மட் என்றால் நிறம் புகைமூட்டமாகும்.

வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும் எண்ணெய் தானே சூடேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

கடைசிக் கோட் கையில் ஒட்டாதபோதும் அலுமாரி தயாரில்லை. முழுதாய் இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை கதவுகள் திறந்தே இருக்கட்டும். மூடினால் மணம் உள்ளே தங்கும், கதவும் சட்டமும் ஒட்டும். தட்டில் பத்திரிகைத் தாள் விரிக்கிற பழக்கத்தையும் தள்ளிப்போடுங்கள், எழுத்தோடு சேர்த்து வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும்.