செருப்புக் கீறலும் ஜாக்கி வடுவும்

எங்க நைனா காசிமேட்டில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டு வேலை பார்த்தவர். போட்டை மணலில் கவிழ்த்துப் போட்டு, ஒரு ரூபாய்க் காசால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். 'டக் டக்' என்று கேட்கும் வரை கை நிற்காது. 'பொத்' என்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே சாக்பீஸால் ஒரு வட்டம். நான் தண்டையார்பேட்டையில் கார் பெயின்ட், பாலிஷ் கடை வைத்திருக்கிறேன். நைனாவின் காசு வேலை போன மாதம் எனக்குக் கை கொடுத்தது.

அண்ணா நகரிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கப் பார்த்த காரை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஆள் உட்காரும் கூடு முழுக்க கார்பன் ஃபைபர், அதாவது கார்பன் நாரை அடுக்கடுக்காக வைத்து ரெசின் என்ற பசையால் இறுக்கியது. கதவைத் திறந்தால் காலைத் தூக்கித் தாண்டி ஏற வேண்டிய அகலமான விளிம்பு, அதில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்கள். "தம்பி, கார்பன்ல ஒரு கோடு விழுந்தாலே கண்ணாடி மாதிரி நொறுங்கிடுமாமே? வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

அவ்வளவு சுலபமாக நொறுங்கும் பொருள் இல்லை அது. 1981இல் இத்தாலியின் மோன்சா கார் பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய மெக்லாரன் கார் மோதி, எஞ்சின் தனியாகப் பிய்ந்து போனது. கார்பன் கூட்டுக்குள் இருந்த மனுஷன் நடந்து வந்தார்.

விளிம்பில் தண்ணீர் தடவினேன். கோடுகள் மறைந்தன. மேலே பூசும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் மட்டும் விழுந்த மெல்லிய கீறல் ஈரத்தில் இப்படித்தான் மறையும். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். விரிசல் இருந்தால், மேலே காய்ந்த பிறகும் உள்ளே போனது கசிந்து கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். எதுவும் தெரியவில்லை. ஏறி இறங்கும்போது செருப்பு உரசியதுதான். ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது வெயிலால். எபாக்சி ரெசினுக்கு வெயில் ஆகாது. டாக்டர் முகம் தெளிந்தது.

எனக்குத் தெளியவில்லை. காரை லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே போய்ப் பார்த்தேன். கூட்டின் அடியில் பட்டாணி அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்த ஒரு வடு. விரலால் தடவினால் பள்ளமே இல்லை. காசை எடுத்துத் தட்டினேன். டக், டக், பொத். சுற்றிலும் அரை அரை அங்குலமாகத் தட்டிப் பார்த்து வட்டம் போட்டேன். உள்ளங்கை அகலம் வந்தது.

இரும்பு அடி வாங்கினால் நசுங்கிக் காட்டும். கார்பன் வளைந்து கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அடி உள்ளுக்குள் புனல் கவிழ்த்த மாதிரி விரிந்துகொண்டே போகும். மேலே பட்டாணி, உள்ளே அடுக்குக்கு அடுக்கு ரெசின் விட்டுப் பிரிந்திருக்கும், பின்பக்கத்தில் நாரே அறுந்திருக்கலாம். போட்டில் இருக்கும் கண்ணாடி நார் அடிபட்ட இடத்தில் வெளுத்துப்போகும், சின்னப் பையன்கூடக் கண்டுபிடிப்பான். கார்பன் கறுப்பு. பிரிந்தாலும் கறுப்பாகவே இருக்கும். அதனால்தான் வடுவின் அளவை நான் நம்புவதில்லை. எது இடித்தது, எவ்வளவு வேகத்தில் இடித்தது என்றுதான் கேட்பேன்.

காசையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டேன். தடிமனான இடம், உள்ளே ஃபோம் வைத்த இடம், அடியில் ஒட்டுப்பட்டை ஓடும் இடம், இங்கெல்லாம் சத்தம் ஏமாற்றும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால்தான் எந்த ஆழத்தில், எவ்வளவு அகலத்துக்குப் பிரிந்திருக்கிறது என்று தெரியும்.

டாக்டர் அங்கிருந்தே விற்பவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அதுவா சார், பஞ்சர் போடறப்ப ஜாக்கி வழுக்கி வண்டி உக்காந்துருச்சு. சும்மா பெயின்ட்தான் போச்சு."

"இதையும் சேர்த்து ஒரு பாலிஷ் போட்டுடுங்களேன் தம்பி" என்றார் டாக்டர். விளிம்புக்குப் போடுறேன் சார், இதுக்கு மாட்டேன் என்றேன். சாக்பீஸ் வட்டத்தோடு அப்படியே ஸ்கேனுக்கு அனுப்பி வைத்தேன்.