அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு ஃபஸ்

மூன்று வாரத் தூக்கம் போனது. கடைசியில் நேற்று ராத்திரி நானே செய்த ஃபஸ் பெடல், அதாவது கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் காலால் அழுத்துகிற பெட்டி, வாயைத் திறந்துவிட்டது.

1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ்தான் மாதிரி. ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்த வட்டப் பெட்டி. உள்ளே பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், திருக இரண்டு குமிழ். அவ்வளவுதான். ஆனால் டிரான்சிஸ்டர் இரண்டும் சிலிக்கானுக்கு முந்தைய பழைய வகை, ஜெர்மானியம். வம்பே அங்கேதான்.

சென்னை ரிச்சி தெருவில் அலைந்து ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் எட்டு வாங்கினேன். மல்டிமீட்டரில் ஒன்றின் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, 180 காட்டியது. ஆசையாக விரலால் பிடித்தால், உடம்புச் சூட்டுக்கே எண் ஏறிக்கொண்டு போகிறது! கெயின் என்று நான் நினைத்ததில் பாதி வெறும் மின்கசிவு. எட்டில் தேறியது மூன்று. 8.2 கே ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரீசெட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) வைத்து, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 4.5 வோல்ட் வரும்வரை திருகினேன். காலையில் தேன். மதிய வெயிலில் தொண்டை கட்டிவிடுகிறது, மறுபடி திருகு. சிலிக்கான் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. சரி, கிதாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்ததும் கரகரப்பு கரைந்து கணீரென்று ஆகிறதே, அதற்காகத்தான் இவ்வளவும்.

கூடு அம்மாவின் பழைய எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. துளை போடுவதற்குள் இரண்டு டிரில் பிட் காலி. இன்னும் வெந்தய வாசனை போகவில்லை.

"சமையல் சாமானைக் காலால மிதிப்பியாடா?" என்றார் அம்மா.

அவர் வீட்டில் இருக்கும்போது கையால்தான் அழுத்துகிறேன்.