வெள்ளைப் பணியாரமும் கோபுரக் கணக்கும்

பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஊற்றிச் சுடுகிற எங்கள் ஊர் வெள்ளைப் பணியாரம் ஒருவழியாக வெள்ளையாகவே வந்துவிட்டது. நடுவில் மெத்தென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாக மொறுமொறுப்பு, தட்டில் எண்ணெய் தேங்கவில்லை. நாலு வயது மகள் முதல் பணியாரத்தைப் பார்த்ததும் "அப்பா, பூரி!" என்றாள். காரைக்குடியில் பிறந்த பிள்ளை பேசுகிற பேச்சா இது? இருந்தாலும் சர்க்கரை தொட்டுக்கொண்டு தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டதால் விட்டுவிட்டேன்.

மாவுப் பச்சரிசி வாங்குவது, அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகவே ஊறவைப்பது, புளிக்கவிடாமல் உடனே சுடுவது எல்லாம் பணியாரம் சுடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு, இத்தனை நாளும் என்னைப் பாடாய்ப் படுத்திய சங்கதிக்கு நேரே வருகிறேன். உளுந்தின் அளவு.

எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே கணக்குதான். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்துக்கொள். அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டு. சரியத் தொடங்கினால் நிறுத்து. தராசு வேண்டாம், கரண்டிக் கணக்கு வேண்டாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த டம்ளர் என்று மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. இணையத்தில் சமையல் சொல்கிறவர்கள் அதைவிட மோசம். "ஒரு கப்" என்று ஆரம்பிப்பார்கள், காட்டுவது ஒரு கிண்ணமாக இருக்கும், அடுத்த முறை அதே ஆள் வேறு கிண்ணத்தோடு வருவார்.

கோபுரத்தின் அளவு பாத்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது இல்லை, அதன் வாயைப் பொறுத்தது. பருப்பு எவ்வளவு சரிவாக நிற்குமோ அவ்வளவுதான் நிற்கும், அதற்கு மேல் உருண்டுவிடும். வாய் அகலமாக இருந்தால் கோபுரத்தின் அடியும் அகலம், உயரமும் கூடும். குறுகிய வாயில் பேருக்கு ஒரு குவியல்தான் நிற்கும். இதைச் சமையலறைத் தராசில் வைத்தே பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுக் காபி டம்ளரில் 160 கிராம் அரிசி பிடிக்கிறது, அதன் மேல் நிற்பது 16 கிராம் உளுந்து. பத்துக்கு ஒன்று. அகல வாய் எவர்சில்வர் கிண்ணத்தில் 200 கிராம் அரிசி, மேலே 45 கிராம் உளுந்து. ஏறக்குறைய நாலரைக்கு ஒன்று. இரண்டுமே "ஒரு டம்ளர் அரிசி, மேலே கோபுரமாக உளுந்து" தான்! முதலாவது மாவில் சுட்டால் பணியாரம் விறைப்பாக வரும், ஆறினால் பல்லுக்கு வேலை. இரண்டாவதில் பஞ்சு போல வரும், கூடவே சட்டியில் இருக்கிற எண்ணெயைப் பாதி குடித்துவிட்டு வரும்.

சரி, பழைய ஆட்கள் எதில்தான் அளந்தார்கள்? உழக்கில். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பித்தளை உழக்கு கிடைத்தது. கடைக்காரர் சொன்ன விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள், வேண்டாம். அந்தத் தெருவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாசலில் பளபளவென்று துலக்கி வைத்திருப்பதைக் கேட்காதீர்கள். உள்ளே மூலையில் கரி பிடித்துக் கிடப்பதைக் கேளுங்கள், அதுவும் கேட்க வந்தது வேறு எதையோ என்கிற மாதிரி கேளுங்கள்.

உழக்கு என்றால் கால் படி, 330 மில்லிக்குச் சற்று மேல். வாய் நல்ல அகலம். அதில் தலைதட்டினால் 275 கிராம் அரிசி, கோபுரம் 46 கிராம். ஆறுக்கு ஒன்று. காபி டம்ளருக்கும் கிண்ணத்துக்கும் நடுவே சரியாக வந்து உட்கார்கிறது. ஆக, கணக்கில் கோளாறு இல்லை. பாத்திரத்தை மாற்றிவிட்டுக் கணக்கை மட்டும் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். இப்போது நான் 200 கிராம் அரிசிக்கு 35 கிராம் உருட்டு உளுந்து என்று வைத்திருக்கிறேன். பழைய உளுந்தாக இருந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி போட வேண்டியிருக்கிறது, அது பொங்குவதே இல்லை. மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த உளுந்தை வைத்துக்கொண்டு வெள்ளைப் பணியாரத்தில் இறங்க வேண்டாம், வடைக்குப் போட்டுவிடுங்கள்.

கோபுரம் கட்டுவது இப்போது மகளின் வேலை. தராசில் போட்டால் ஆயிற்று என்றாலும் அவள் விடுவதில்லை. உழக்கைத் தாம்பாளத்தில் வைத்து, உள்ளங்கையால் அரிசியைத் தலைதட்டி, கரண்டியால் உளுந்தைப் போடுவாள். முதல் பருப்பு உருண்டு தாம்பாளத்தில் 'டங்' என்று விழுந்ததும் நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்துவாளா? கையால் அழுத்திப் பிடித்து இன்னும் உயரமாக்கப் பார்ப்பாள், மொத்தக் கோபுரமும் சரியும், மறுபடி முதலிலிருந்து. விடுமுறை நாளில் ஒரு பிள்ளையை அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காரவைக்கிற வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கைபேசியைத் தவிர.

அடுப்புப் பக்கம் மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. எங்கள் அடுக்களைத் தரையில் ஆத்தங்குடிக் கல், நடுவில் பூ, ஓரத்தில் சிவப்புக் கரை. சட்டி ஏறிவிட்டால் அந்தச் சிவப்பைத் தாண்டக்கூடாது. அப்பத்தா காவல். சிவப்பின் மேல் கட்டை விரலை மட்டும் வைத்துக்கொண்டு "தாண்டலையே" என்று வாதாடுகிற கட்டத்துக்கு வந்திருக்கிறாள், வக்கீலாகிவிடுவாள் போல.

இந்தக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாள் ஆத்தங்குடிக்கே கூட்டிப்போனேன். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பு. அச்சைத் தூக்கினால் நிறங்கள் கலக்காமல் அப்படியே நிற்கின்றன. பிறகு பின்பக்கத்துக்கு மணலும் சிமெண்டும். காய்ந்து, தண்ணீரில் கிடந்து பதமானபின் கண்ணாடியிலிருந்து கல் தனியே வந்துவிடும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, மெருகு போடுகிற இயந்திரம் எதுவும் இல்லை. பிள்ளைக்கு அச்சைத் தூக்குகிற நொடிதான் பிடித்தது. அப்படியே நின்று பத்துப் பன்னிரண்டு கல் வார்ப்பதைப் பார்த்தாள். எனக்குப் பிடித்தது, வார்க்கிறவர் குழம்பை ஊற்றும்போது கை ஆடாமல் இருந்தது. பணியாரத்துக்கும் அந்தக் கைதான் வேண்டும்.

மாவுக்கு வருகிறேன். 200 கிராம் அரிசிக்கு கிரைண்டர் ஓட்டினால் கல்லில் ஒட்டுவதே பாதி. மிக்சிதான். சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். விரலில் தொட்டால் நறநறப்பு கொஞ்சமும் இருக்கக்கூடாது. அரைக்கும்போது கெட்டியாகவே எடுத்துக்கொண்டு, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு, கடைசியில் பால் விட்டுத் தளர்த்துகிறேன். பால் யோசனை பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னது. தராசைப் பார்த்துவிட்டு, "தராசு வச்சுப் பணியாரம் சுடுற ஆளை இப்பத்தான் தம்பி பாக்குறேன்" என்று சிரித்தவரும் அவர்தான். ஆனால் ஆறுக்கு ஒன்று என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க வீட்டு உழக்கையும் நிறுத்துப் பாரேன்" என்று கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் ஏறக்குறைய அதேதான்!

பதம் தோசை மாவைவிட ஒரு பிடி தளர்வு. எத்தனை எழுதினாலும் இதை எழுத்தில் கொடுக்க முடியாது, முதல் பணியாரம்தான் சொல்லும். நடு தடித்து மேலே வெடிப்பு விட்டால் மாவு கெட்டி, ஒரு கரண்டி பால். ஊற்றியதும் பரந்து தட்டையாகி ஓரம் கிழிந்தால் மாவு நீர்த்துவிட்டது, ஒரு கரண்டி அரிசி மாவு. எண்ணெய் குடித்தால் உளுந்து அதிகம், அதற்கும் அரிசி மாவே. விறைப்பாக வந்தால் மட்டும் கைவசம் மருந்து இல்லை. அந்த மாவை அன்றைக்குத் தோசையாக ஊற்றிக்கொள்ளலாம்.

சட்டி குழிவாக இருக்க வேண்டும். இது நான் அடித்துச் சொல்வேன். தட்டை அடியில் ஊற்றினால் மாவு பரந்து ஓடும். குழிவான இரும்புச் சட்டியில் அது நடுவில் கூடி நின்று, ஓரம் மெலிந்து நடு தடித்து வருகிறது. செக்குக் கடலை எண்ணெய், அதுவும் புதிதாக. ஒருமுறை வடை சுட்ட எண்ணெய் என்றாலே நிறம் போய்விடும். சொட்டு மாவு விட்டால் மெதுவாக மேலே வர வேண்டும், உடனே சீறிக்கொண்டு வந்தால் சூடு அதிகம். குழிக்கரண்டியில் எடுத்து, தாழ்வாகப் பிடித்து, ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டே கையை நகர்த்தினால் வால் முளைக்கும். தானாக எழும்பி வந்ததும் மேலே எண்ணெயை அள்ளி விட்டால் நடு உப்பும். திருப்பி, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். பசியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன சொன்னாலும் ஒன்றுதான்.

துவையலுக்கு வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு. நல்லெண்ணெய் தாராளமாக. இதில் எனக்குச் சிக்கல் எதுவும் இல்லை. பிள்ளைக்கு அதன் வாசனை மட்டும் போதும், தும்மிவிட்டு ஓடிவிடுவாள்.

இவ்வளவு ஜம்பம் அடித்தாயிற்று, இனி தீராத தலைவலி. இந்தப் பணியாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போக முடியவில்லை.

திருமயம் கோட்டைக்குப் போனோம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை சாலையில் போனால் பெரிய தூரம் இல்லை. வெயில் ஏறுமுன் மேலே போய்விட வேண்டும், பாறை சுட ஆரம்பித்தால் பிள்ளை தோளில் ஏறிக்கொள்ளும். அதனால் விடியுமுன் சட்டி வைத்தேன். மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "கோட்டையைப் பிடிக்கப் போற ஆளு மாதிரி எந்திரிச்சிருக்கீங்க" என்றாள். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் வேர்த்துக் கொட்டிச் சொதசொதவென்றாகும் என்று தெரியும். அதனால் பனை ஓலைக் கொட்டானில் வெள்ளைத் துணி விரித்து, ஆறவிட்டு அடுக்கினேன். ஓலை மூச்சு விடும் இல்லையா.

கோட்டை 1687-இல் சேதுபதி கட்டியது. ஒரே மலையில் பெருமாளுக்கும் சிவனுக்கும் தனித்தனியாகக் குடைவரை. மகளுக்கு இதெல்லாம் எதற்கு? உச்சியில் இருக்கிற பீரங்கி ஒன்றுதான் அவளுக்குக் கோட்டை. வழியில் பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம், இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். ஏறியே தீருவேன் என்று அடம். நானும் மனைவியும் மாறி மாறி ஏறிப் பார்த்தோம், அவளுக்குக் கீழேயே கும்பிடு. இறங்கி வரும்போது நல்ல பசி. மர நிழலில் கொட்டானைத் திறந்தோம்.

ஈரம் கோக்கவில்லை. அதில் கொட்டான் தேறிவிட்டது. ஆனால் ஓரம் இழுவையாகிவிட்டது, நடு இறுகிவிட்டது. பிள்ளை ஒரு கடி கடித்து, இழுத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "காலையில பூரி நல்லா இருந்துச்சு" என்றாள். துணியை ஈரத்தில் பிழிந்து விரித்தும், பாலைக் கூட்டியும், உளுந்தை நாலு கிராம் ஏற்றியும் பார்த்துவிட்டேன். ஒரு மணி நேரம் தாங்குகிறது, அதற்கு மேல் இல்லை. அம்மா சொல்வது, அது அடுப்படியில் நின்று தின்கிற பண்டம், ஊர் சுற்ற வராது. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

அதற்குள் கந்தரப்பத்தில் கை வைத்துவிட்டேன். வெல்லமும் தேங்காயும் சேர்வதால் மறுநாளும் மெத்தென்று இருக்கும், கொட்டானுக்கும் பொருந்தும். வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போகும்போது எடுத்துப்போகலாம் என்று எண்ணம். கொள்ளுகுடிப்பட்டிப் பக்கம் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வைக்காத ஊர்க்காரர்கள். அங்கே என் பிள்ளையை எப்படிச் சத்தம் போடாமல் வைத்திருப்பது என்பது தனிக் கவலை. மழை நன்றாகப் பெய்து கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் நாரைகள் கூட்டமாக வரும், அதுவரைக்கும் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது.

இப்போது தடுக்கி நிற்பது வெல்லத்தில். உருண்டை வெல்லத்தில் மண் இருக்கிறது. அரிசியோடு சேர்த்தே அரைத்தால் பல்லில் நறநறவென்று படுகிறது. தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் மாவு நீர்த்துப்போய் அப்பம் சட்டியில் பிரிகிறது. அதனால் அரிசியைத் தண்ணீர் காட்டாமல் கெட்டியாக அரைத்துவிட்டு, வெல்லத்தை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் காய்ச்சி, வடிகட்டி, ஆறியபின் விடலாம் என்று இருக்கிறேன். வெல்லம் பொடித்தாயிற்று, வெந்தயத்தோடு அரிசி உளுந்து ஊறுகிறது. தேங்காய் உடைக்க மகள் சுத்தியலோடு காத்துக்கொண்டிருக்கிறாள், போக வேண்டும்.