நடு ஹாலுக்கு வெளிச்சம்: ஸ்வீட் ஹோம் 3டியில் ஒரு ஸ்கைலைட்

மதுரையில் எங்கள் மனை 16 அடி அகலம், 50 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. ஜன்னல் வைக்க முன்பக்கமும் பின்பக்கமும்தான் உண்டு. பழைய வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கட்டுவது என்று முடிவானதும், நடு ஹாலில் பகலிலும் லைட் எரிய வேண்டியிருக்குமே என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு. மேஸ்திரி சுலபமாகச் சொல்லிவிட்டார்: “நடுவுல ஒரு ஓடிஎஸ் விட்ருங்க சார், மேல கண்ணாடி போட்டுக்கலாம். வெளிச்சம் கொட்டும்.” ஓடிஎஸ் என்று அவர் சொன்னது வானம் பார்க்கத் திறந்துவிடும் இடம்: மொட்டைமாடியில் தொடங்கி முதல் மாடியைத் தாண்டிக் கீழ் ஹாலின் சீலிங் வரை இறங்கும் 4க்கு 4 அடிக் கூண்டு. கொட்டுமா என்று கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட நினைத்தேன். வீட்டுப் பிளானை வரைந்து 3டியில் பார்க்க உதவும் ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருள் இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்பதால் அதையே எடுத்தேன்.

அதில் ஸ்கைலைட்டுக்கென்று, அதாவது வெளிச்சத்துக்காகக் கூரையில் விடும் திறப்புக்கென்று, தனியாக ஒரு கருவி கிடையாது. ஜன்னலை இழுத்து வைத்தால் சுவரில் தானாகத் துளை விழும். தளத்தில் அப்படி விழாது. மேல் தளத்தைத் தானாகத் திறப்பது மாடிப்படி மட்டும்தான். ஆகவே ஓட்டை போடுவதற்குப் பதில், ஓட்டை இருக்கும் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் வரைய வேண்டும். கீழ் ஹாலின் நடுவே 4க்கு 4 துண்டைத் தனி ரூமாக வரைந்து, அதற்கு மட்டும் சீலிங் டிக்கை எடுத்தேன். மாடிக்கு ஒரு லெவல், மொட்டைமாடிக்கு ஒரு லெவல் சேர்த்து, இரண்டிலும் அந்தச் சதுரத்தைத் தவிர்த்து மீதி இடத்தை நான்கு துண்டு ரூம்களாக நிரப்பினேன். துண்டுகளுக்கு ஒரே நிறம் கொடுத்துவிட்டால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. பிறகு மாடி லெவலில் சதுரத்தைச் சுற்றி நான்கு சுவர், மொட்டைமாடியில் மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஓரடி உயரத்துக்கு அதே சுவர்.

கண்ணாடி வைக்கவே இல்லை. இந்த மென்பொருளில் ஜன்னலைப் படுக்க வைக்க முடியாது. வேறு பொருளைக் கண்ணாடியாக மாற்றும் வேலையில் இறங்குவதில் அர்த்தமும் இல்லை. வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்க, கூண்டின் வாய் திறந்திருந்தாலே போதும்.

இன்னொன்று: ஒரு லெவலை மட்டும் மேலிருந்து பார்க்கும் காட்சியில் சீலிங் தெரியாது, எல்லா அறையும் பளிச்சென்று இருக்கும். அதை நம்பக் கூடாது. நடந்து பார்க்கும் காட்சிக்கு மாறி, ஹாலில் நின்று தலையை அண்ணாந்து பார்த்தால்தான் கூண்டு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று தெரியும்.

எனக்கு உண்மையில் பயன்பட்டது பிளான் வரையும் பக்கத்தின் மூலையில் கிடக்கும் திசைகாட்டிதான். பலர் அதைப் படத்துக்கு அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதில் அட்சரேகை 9.9, தீர்க்கரேகை 78.1, இந்திய நேரம் எல்லாம் கொடுத்து, மனையின் வடக்கு எங்கே என்று திருப்பி வைத்தேன். படம் எடுக்கும் பெட்டியில் தரத்தை மேல் இரண்டு நிலைகளில் ஒன்றில் வைத்தால்தான் தேதியும் நேரமும் கேட்கும். சீலிங் லைட் சேர்க்கும் டிக்கையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பல்பின் வெளிச்சம் நம்மை ஏமாற்றும்.

மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் ஏறக்குறைய 12.15, 12.20க்கு. அந்த நேரத்தை வைத்து மாதம் மாதமாகப் படம் எடுத்தேன். டிசம்பர் 21ல் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து 33 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கிறது. வெயில் கூண்டின் வடக்குச் சுவரில் மேல் ஆறடியைத் தொடுவதோடு சரி. கீழே ஹாலுக்கு ஒரு பொட்டு வெயில் கிடையாது. ஜூன் 21ல் சூரியன் வடக்கே 13 டிகிரி சாய்வதால், ஓரடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் தரைக்கு வருகிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்போதுதான் முழுச் சதுரமும் தரையில் விழுகிறது. அதுவும் கொஞ்ச நேரம்தான். கூண்டு 4 அடி அகலம், 12 அடி ஆழம் என்பதால் வந்த வினை இது. மேஸ்திரி சொன்ன ‘கொட்டும்’ ஏப்ரல் மாதக் கணக்கு. ஏப்ரலில் அந்த வெயில் யாருக்கு வேண்டும்?

வடக்குப் பார்த்த ஸ்கைலைட்டில் நேர்வெயில் வராது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதும் நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே கோடையில் நான்கு மாதத்துக்கும் மேல் உச்சிச் சூரியன் வடக்கில்தான் இருக்கிறது.

ஆக, வருஷத்தின் பெரும்பகுதி ஹாலுக்கு வரப்போவது கூண்டுச் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான். இது புரிந்த பிறகு வேலை சுவர்ப் பக்கம் திரும்பியது. வீட்டில் ஆசைப்பட்ட செங்கல் நிறத்தைக் கூண்டின் உட்புறத்துக்குக் கொடுத்துப் பார்த்தால் ஹால் சட்டென்று மங்கியது, வெள்ளைக்கு மாற்றியதும் தெளிந்தது. “அப்பா, வெள்ளையே இருக்கட்டும்” என்று மகள் முடித்துவிட்டாள். அடிப்பக்கத்தை அகலமாக்கிச் சரிவு கொடுத்தும் பார்த்தேன். இந்த மென்பொருளில் சுவர் சாயாது, மெல்லிய பெட்டிகளைச் சாய்த்து நிறுத்தித்தான் ஒப்பேற்ற வேண்டும். ஹாலில் வெளிச்சம் பரவுவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மாடி அறையிலிருந்து இன்னும் இரண்டடி போகும். 16 அடி வீட்டில் அது கட்டுப்படியாகாது, விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக மாடி நடை பக்கமுள்ள கூண்டுச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தேன். நடைக்கும் வெளிச்சம் கிடைத்தது.

படங்களோடு இன்ஜினியரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது வெளிச்சத்தைப் பற்றியல்ல, பீம் எங்கே போகிறது என்று. கூண்டை ஓரடி பின்னுக்குத் தள்ளச் சொன்னார், திறப்பைச் சுற்றிக் கூடுதல் கம்பி வரும் என்றார். கண்ணாடிக்கு அடியில் உள்ள ஓரடிச் சுவரில் சூடான காற்று வெளியேற லூவர் (சாய்வுப் பட்டைகள் வைத்த திறப்பு) விடச் சொன்னதும் அவர்தான். கணினியில் எல்லாவற்றையும் ஓரடி நகர்த்தி மறுபடியும் படம் எடுத்தேன், ஹாலின் வெளிச்சத்தில் பெரிய மாற்றம் இல்லை. அந்த அளவுகளோடுதான் பிளான் போயிருக்கிறது.