பாகோவா, பகோவா?

ஸ்பெயினின் கிரனாடா நகரில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று காலை முழுக்க வினைச்சொற்களை அசை பிரிக்கும் வேலை. பள்ளியில் நேர், நிரை என்று அலகிட்டவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று தெனாவெட்டாக உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே சறுக்கல். ‘ஆப்லோ’, அதாவது நான் பேசுகிறேன். ஆப்-லோ என்று வெட்டினேன். இல்லை, ஆ-ப்லோ என்றார் டீச்சர். அந்த ப்-பும் ல்-லும் ஒட்டிப் பிறந்தவையாம், பிரிக்கக் கூடாதாம். ‘ப்லோ’ என்று ஓர் அசையைத் தொடங்க என் நாக்கு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

அழுத்தம் விழும் இடத்துக்கு விதி உண்டு. சொல் உயிரிலோ, என், எஸ் எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை. மற்றபடி கடைசி அசை. இதற்கு அடங்காத சொல்லில், அழுத்தம் விழும் உயிரின் தலையில் ஒரு சாய்கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டில்தான் வில்லங்கமே. ‘ஆப்லோ’ நான் பேசுகிறேன். அதையே கோடு போட்டு, கடைசி அசையை அழுத்தி ‘அப்லோ’ என்றால் அவர் பேசினார். ஆளும் மாறிவிடும், காலமும் மாறிவிடும்.

வகுப்பு முடிந்ததும் அறைத்தோழியோடு ஒரு பாருக்குப் போனேன். இந்த ஊரில் குடிக்க ஏதாவது வாங்கினால் கூடவே ‘தபா’ என்று ஒரு சின்னத் தட்டுத் தீனி இலவசமாக வரும், மாணவர்களுக்கு அதுவே பாதிச் சாப்பாடு. பில் வந்ததும் கார்டை எடுத்து, ‘நான் கட்டுகிறேன்’ என்ற பெருமையில் “பகோ!” என்றேன். காலையெல்லாம் கடைசி அசையை அழுத்தியே பழகிய வாய்.

வெயிட்டர் விழித்தார். “கியென்?” யார் என்கிறார். நீயா என்று கேட்கிறார் போலும் என நினைத்து, பலமாகத் தலையாட்டி மறுபடியும் “பகோ, பகோ!” என்றேன். ‘அவர் கட்டிவிட்டார், கட்டிவிட்டார்!’

பக்கத்து மேசையில் ஒரு தாத்தா அப்போதுதான் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். வெயிட்டர் அவரிடம் போய் ஏதோ நன்றி சொன்னார். தாத்தா அரண்டுபோய், “யோ?” என்று நெஞ்சில் கைவைத்தார். நானா? இவர்களுக்கா?

தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். முதல் தட்டு பலமாக, அடுத்தது மெதுவாக. “பா-கோ!”

வெயிட்டருக்கு அப்போதுதான் விளங்கியது. மெஷினை நீட்டினார், கார்டை வைத்தேன், சீட்டு வந்தது. அதைக் கிழித்துக்கொண்டே உள்ளே இருந்தவரைப் பார்த்து, கடைசி அசையில் நன்றாக அழுத்தி, என்னைக் காட்டிக் கத்தினார்:

“பகோ!”