அத்தையின் விரலுக்கு ஒரு லினக்ஸ்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு குட்டி லேப்டாப் கிடந்தது. பத்து இஞ்ச் திரை, ஒரு ஜிபி ராம், இன்டெல் ஆட்டம் என்270 பிராசஸர். பேட்டரி செத்துப் பல வருஷமாகிறது. பழைய இரும்புக்குப் போடலாம் என்று கீழே இறக்கியபோதுதான் அத்தை கேட்டார்.

"எய்யா, இதுல தமிழ் அடிக்க முடியுமா?"

"அடிக்கலாம் அத்தை. என்ன அடிக்கணும்?"

அத்தை பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். தாத்தா கைப்பட எழுதிய சுடலைமாடன் கதை. எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, வருஷா வருஷம் எழுதிச் சேர்த்தது. தாளெல்லாம் பழுத்து, தொட்டால் ஓரம் உதிர்கிறது. அத்தை கோர்ட் வாசலில் இருபது வருஷம் ஜாப் டைப்பிங் செய்தவர், தமிழில் ஹையர் பாஸ். இந்த நோட்டைக் காப்பாற்ற அவரை விடத் தகுதியான ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. போனில் ஒற்றை விரலால் எழுதச் சொன்னால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

சரி என்று அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன்.

விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள்தான் லினக்ஸ், அதில் பல வகை உண்டு. முதல் சிக்கல், எந்த லினக்ஸ் என்பது. என்270 வெறும் 32 பிட் பிராசஸர். இப்போது வருகிற பெரும்பாலான லினக்ஸ்கள் 64 பிட்டுக்கு மட்டும்தான். டெபியன் என்ற லினக்ஸ்கூட 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. அதனால் 2023 ஜூனில் வந்த டெபியன் 12ஐ எடுத்தேன். ஜங்ஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் பழைய 2 ஜிபி டிடிஆர்2 ராம் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். இந்த மாதிரிப் பழைய மெஷினுக்கு முதலில் செலவழிக்க வேண்டியது எஸ்எஸ்டிக்குத்தான், ராம் அப்புறம்.

பென்டிரைவில் டெபியனின் ஐஎஸ்ஓ கோப்பை எழுதி, எஃப்2 தட்டி லேப்டாப்பின் பயாஸ் செட்டிங்குக்குள் போய், முதலில் பென்டிரைவிலிருந்து தொடங்கும்படி வைத்தேன். இன்ஸ்டாலரில் ஆங்கிலத்தையே தேர்ந்தெடுத்தேன். போனில் யூஎஸ்பி டெதரிங் போட்டதும் இன்டர்நெட் வந்துவிட்டது. டெஸ்க்டாப் எது என்று கேட்கும் இடத்தில் க்னோமுக்கு இருந்த குறியை எடுத்துவிட்டு, அதைவிட இலேசான எல்எக்ஸ்டிஇக்குப் போட்டேன். இரண்டு ஜிபி ராமுக்கு அதுதான் தாங்கும்.

பேக்கேஜ்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பேட்டரி இல்லாத லேப்டாப், அப்படியே அணைந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை, முதலிலிருந்துதான். இரண்டாம் தடவை இன்வெர்ட்டர் இருக்கிற மாடி அறைக்குக் கொண்டுபோய், ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து முடித்தேன்.

டெபியன் எழுந்தது, ஆனால் வைஃபை இல்லை. வைஃபை சிப் மாதிரியான பாகங்கள் ஓடத் தேவையான குட்டி மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். டெபியன் 12இன் இன்ஸ்டாலரிலேயே நிறைய ஃபர்ம்வேர் சேர்த்துத் தருகிறார்கள். என் மெஷினில் இருந்த பழைய வைஃபை சிப்பின் ஃபர்ம்வேரை மட்டும் மற்றவர்கள் விநியோகிக்க அனுமதி கிடையாது. நாமே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள உதவும் ஒரு பேக்கேஜ், கான்ட்ரிப் என்ற பிரிவில் இருக்கிறது. பேக்கேஜ்களை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் கான்ட்ரிப்பைச் சேர்த்து, மறுபடி போன் வழியாக இன்டர்நெட் கொடுத்து, அந்தப் பேக்கேஜை, பி43 ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரை, போட்டேன். ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்தது. இதிலேயே அரை நாள் போனது.

அடுத்தது தமிழ். முதலில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நோட்டோ, லோஹித் எழுத்துருக்களைப் போட்டதும் சரியாகிவிட்டது. தட்டச்சுக்கு, மொழி மாற்றி அடிக்க உதவும் ஐபஸ், அதோடு தமிழ் விசை அமைப்புகளைத் தரும் எம்17என். போட்டவுடன் எதுவும் நடக்கவில்லை. லாக் அவுட் செய்து திரும்ப வந்தபிறகுதான் ஐபஸ் வேலை செய்தது.

நான் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அடிக்கிற ஆள். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் அம்மா வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அத்தைக்கும் அதையே சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். இரண்டு நாள் பொறுமையாக முயன்றார். மூன்றாம் நாள், "எய்யா, என் விரலுக்கு யளனகதான்யா தெரியும்" என்றார். டைப்ரைட்டரில் இடது கை விரல்கள் உட்காரும் எழுத்துகள் அவை. அந்தச் சொல் எனக்கு உறைத்தது. நல்ல அமைப்பு எது என்று நான் யோசித்தேனே தவிர, யாருடைய விரல் என்று யோசிக்கவில்லை. ஐபஸ் பட்டியலைத் திறந்து பார்த்தால், தமிழ்99க்குப் பக்கத்திலேயே டைப்ரைட்டர் என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். குட்டி லேப்டாப்பின் விசைகள் நெருக்கமாக இருப்பதால் யூஎஸ்பி கீபோர்டு ஒன்றையும் செருகிவிட்டேன்.

அத்தை இடது கையின் நான்கு விரல்களை வரிசையாக வைத்து அழுத்தினார். ய, ள, ன, க. திரையில் அதே வரிசை. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, நோட்டின் முதல் வரியை டைப்ரைட்டரில் அடிக்கிற அதே வேகத்தில் அடித்தார். வரி முடிந்ததும் இடது கை தானாக மேலே உயர்ந்தது, அடுத்த வரிக்காக டைப்ரைட்டரின் வண்டியைத் தள்ள. அங்கே ஒன்றும் இல்லை. கையை மெதுவாக இறக்கி, என்டர் எங்கே என்று கேட்டார்.

மற்றதெல்லாம் அவருக்கேற்ற சின்னச் சின்ன வேலைகள். எழுத்தைப் பெரிதாக்கினேன். கீழ்ப் பட்டையில் லிப்ரே ஆபீஸ் ரைட்டரும் ஃபைல் மேனேஜரும் மட்டும் வைத்தேன். ரைட்டரில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி வைத்தேன், கரண்டை நம்ப முடியாதே. திரையின் உயரம் 600 பிக்சல்தான், சில பெட்டிகளில் ஓகே பொத்தான் அடியில் மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் பெட்டியை மேலே இழுத்தால் தெரியும். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ராமில் இருப்பதைச் சுருக்கி வைத்து இடத்தை மிச்சப்படுத்த ஸெட்ராம் போட்டிருக்கிறேன். பிரவுசர் திறந்தால் இன்னும் திணறத்தான் செய்கிறது. அத்தைக்கு அது தேவைப்படவில்லை.

நோட்டில் மொத்தம் 84 பக்கம். நேற்று ராத்திரி வரை 11 முடிந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி அழிந்துபோயிருக்கிறதாம். வருகிற கொடைக்கு வில்லுப்பாட்டுக் குழுத் தலைவரான அண்ணாவியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்.