நாலடித் தண்ணீர்

டிசம்பர் 23, ஃபோர்ட் மயர்ஸ், ஃபுளோரிடா

பிள்ளைகள் இருவரும் இந்த விடுமுறைக்கு வரவில்லை என்றார்கள். மறுநாளே இவர் படகு வாடகைக்குப் பேசிவிட்டார். 34 அடி டீசல் படகு. ஒரு படுக்கை, இரண்டு அடுப்பு, நிமிர்ந்தால் தலை இடிக்கும் கழிவறை. அடிப்பாகம் மூன்றரை அடி தண்ணீருக்குள் இறங்கும். ஒப்படைத்த பையன் இதை மூன்று தடவை சொன்னான். நான் அரிசி, புளி, ரவையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கலூசஹாட்சி ஆற்றில் இறங்கினோம். மேனட்டி என்ற பெரிய நீர்விலங்குகளுக்காக வழியெல்லாம் 'மெதுவாகச் செல்லவும்' பலகைகள். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றுக்குத் தாங்காது; குளிர்காலத்தில் வெதுவெதுப்பான இடம் தேடி ஆற்றுக்குள் வந்துவிடும். ஒன்று பக்கத்திலேயே மூச்சுவிட எழுந்தது. நம் ஊர் ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குச் சொந்தம்தான். ஆவுளியாவுக்கு வால் பிளந்திருக்கும், இதற்குத் தோசைத்திருப்பி மாதிரி வட்டம். முதுகில் படகு விசிறி கீறிய தழும்புகள், வரிசையாக ஐந்து.

டிசம்பர் 24, பைன் தீவுக் கடற்கழி

ஆறு முடியும் இடத்துக்கு இங்கே 'மிசரபிள் மைல்' என்று பெயர். ஓதத் தண்ணீர், அதாவது கடலின் ஏற்றத்திலும் வற்றத்திலும் வந்து போகும் தண்ணீர், கால்வாய்க்குக் குறுக்கே ஓடும். படகின் மூக்கை ஒரு பக்கம் திருப்பி, நண்டு மாதிரிச் சாய்ந்து சாய்ந்து போனால்தான் நேராகப் போகலாம். நண்டு என்றதும் நினைவு வருகிறது: அக்டோபர் நடுவிலிருந்து கல் நண்டுப் பருவம். பொறிகளின் மிதவைகள் எங்கே பார்த்தாலும். கயிறு விசிறியில் சுற்றினால் கதை முடிந்தது. நான் முன்னால் நின்று 'வலது, வலது' என்று கத்தி, தொண்டை கட்டிவிட்டது. இந்த நண்டில் கொடுக்கை மட்டும் ஒடித்துக்கொண்டு ஆளைத் திரும்பக் கடலில் விட்டுவிடுகிறார்கள். மறுபடி முளைக்குமாம்.

கேபேஜ் கீ என்ற குட்டித் தீவில் உணவகச் சுவரெல்லாம் டாலர் நோட்டு. ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

டிசம்பர் 25, பெலிகன் குடா, காயோ கோஸ்டா

குடாவின் வாய் ஒடுக்கம், மணல் திட்டு வேறு. நல்ல ஓத ஏற்றத்தில் நுழைந்தோம். ஆழமானி ஐந்தரை அடி காட்டியது. இவர் ஒவ்வொரு எண்ணையும் ஏலம் போடுகிறவர் மாதிரி உரக்கச் சொன்னார்.

தீவுக்குப் பாலம் கிடையாது. தீவைக் கடந்து மெக்சிகோ வளைகுடாப் பக்கம் நடந்தோம். 2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் கரையேறியது இங்கேதான். தலைபோன பனைகள் இன்னும் நிற்கின்றன.

பக்கத்துப் பாய்மரப் படகுக்காரர் இரண்டு மடவை கொடுத்தார். குளிர் வந்தால் சினையோடு கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும் மீன். சினையைத் தனியே எடுத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்தேன். மேலே மொறுமொறு, உள்ளே மணல் மணலாக. குழம்பு வாசனைக்கு அவர் தன் சின்னப் படகில் துடுப்புப் போட்டு வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் விருந்து அதுதான்.

டிசம்பர் 26

காலையில் சோழகம், தெற்குக் காற்று, ஈரமாக, இதமாக. மத்தியானம் கச்சானுக்கு, மேற்குக் காற்றுக்கு, திரும்பியது. நாகப்பட்டினத்தில் அப்பா காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், வீட்டுக்கு வரும் ஆட்களைப் போல. "இன்றைக்கு இரவு வாடை வரும்" என்றேன், வடக்குக் காற்றைத்தான். இவர் வானொலி அறிக்கையைக் கேட்டுவிட்டு, "ஆமாம், குளிர்முகம் வருதாம், குளிர்க்காற்றுப் படை" என்றார், ஏதோ தான் கண்டுபிடித்த மாதிரி. சங்கிலியை 70 அடி விட்டோம். ஆழமும் முன்தளத்தின் உயரமும் சேர்த்துப் பத்தடி, அதில் ஏழு மடங்கு.

டிசம்பர் 27

வாடை. சங்கிலி இரவெல்லாம் உறுமியது. இரண்டு கம்பளி போதவில்லை.

விடிந்து பார்த்தால் குடாவில் தண்ணீரைக் காணோம்! கரையோரம் சேறு பளபளக்கிறது. நேற்று மீன் துள்ளிய இடத்தில் கொக்கு நடக்கிறது. ஓத அட்டவணைப்படி இவ்வளவு வற்றக் கூடாது. ஆனால் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று கடற்கழித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும்; அது அட்டவணைக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 28

இன்று படகை ஒப்படைக்க வேண்டிய நாள். "மெதுவாப் போனா போயிடலாம்" என்றார். "ஏங்க, நாலடிதான் காட்டுது" என்றேன். கேட்டால்தானே. குடாவின் வாயில் ஒரு மெத்தென்ற அழுத்தம், அப்புறம் படகு நின்றுவிட்டது. பின்னியக்கத்தில் பத்து நிமிடம் சேற்றைக் கலக்கிப் பழைய இடத்துக்கே வந்தோம். ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளவில்லை. 34 அடிக்குள் பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியின் முள் நான்கு நாளாக 'நிறைவு' என்றே காட்டுகிறது. தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. குழாய் காற்றை ஊதுகிறது. பாட்டில் தண்ணீரில் ரவா உப்புமா. கூடுதல் நாள் வாடகையை இவர் மனத்துக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

டிசம்பர் 29

வாடை தணிந்து கொண்டலாகிவிட்டது, கிழக்குக் காற்று. கொக்கு நின்ற இடத்தில் முழங்கால் தண்ணீர். பதினொரு மணிக்கு ஏற்றம்.

இவர் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு ஆழமானி முன் உட்கார்ந்தார். "அஞ்சு. நாலே முக்கால். நாலரை..." குரல் இறங்கிக்கொண்டே போனது. நான் விசையைத் தொடவில்லை. "நாலரை. நாலரை. அஞ்சே கால்." ஏழடி வந்ததும் எண் சொல்வதை நிறுத்திவிட்டு, டீ போட எழுந்தார்.

மிதவைகள் வரும்வரை நான்தான் ஓட்டினேன். அப்புறம் இவர் முன்னால் நின்று கத்தினார்.